ஒன்றரைக் கிலோ நரம்பு

கத்தரி என் கழுத்தில் தொங்க வேண்டும், தூண்டில் கோல் அவர் கையில் இருக்க வேண்டும். அதுதான் ஒப்பந்தம். வலிக்கிறது என்று அவர் வாய் திறந்தாலும் சரி, திறக்காமலேயே முகம் மாறினாலும் சரி, நான் நூலை வெட்டிவிடலாம். ஏன் வெட்டினாய் என்று கேட்கும் உரிமை அவருக்குக் கிடையாது.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஐந்து மாதங்களுக்கு முன்னால் நாற்பத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது அவருக்கு நெஞ்சுவலி வந்தது. வேறு ஆளாக இருந்தால் வண்டியை ஓரம் கட்டியிருப்பார். இவர் மிச்சமிருந்த பதினோரு நிறுத்தங்களிலும் ஒழுங்காக நின்று, ஆட்களை ஏற்றி இறக்கி, கடைசி நிறுத்தம்வரை போய், என்ஜினை அணைத்துவிட்டு அதற்கப்புறம் விழுந்தார். பேப்பரில் படம் போட்டார்கள். டெப்போவில் பாராட்டுக் கடிதம் எழுதிக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோதே போன் மேல் போன். "உங்க வீட்டுக்காரர் பெரிய மனுஷன்மா." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுவழியில் மயங்கியிருந்தால் அந்த நாற்பத்திரண்டு பேரின் கதி என்ன என்று ஒருவராவது கேட்டார்களா?

அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போதே வலி இருந்திருக்கிறது. "என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று நான் கேட்டேன். "வாயு" என்றார். அந்த வாயு மூன்று ரத்தக்குழாய்களை அடைத்திருந்தது. பாராட்டுக் கடிதத்தை நானே சுவரிலிருந்து கழற்றி பீரோவில் போர்வைகளுக்கு அடியில் போட்டேன். அவர் எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆள் பாதியாகிவிட்டார். உடம்பைச் சொல்லவில்லை. நான் வேலைக்குப் போகும்போது எந்த நாற்காலியில் இருந்தாரோ, திரும்பி வரும்போதும் அதே நாற்காலியில் இருந்தார். அதனால்தான் மீன்பிடிக்கப் போகலாமா என்று அவர் டாக்டரிடம் கேட்டபோது நான் குறுக்கே பேசவில்லை. இருப்பதிலேயே லேசான கோல்தான் எடுப்பேன் என்றார். சுண்டுவிரல் கனம், நுனி புல் மாதிரி வளையும். கொசு அளவு கொக்கியில் இறகைச் சுற்றி ஈ மாதிரி கட்டியிருக்கும், அதைத் தண்ணீர் மேல் வீசிப் பிடிக்கிற தூண்டில். கொக்கிக்கு மேலே இருக்கிற நைலான் நரம்பு ஒன்றரைக் கிலோதான் தாங்கும்.

"அதுக்கு மேல இழுத்தா தானா அறுந்துடும் டாக்டர். ஃபியூஸ் மாதிரி."

டாக்டர் சிரித்துவிட்டுச் சரி என்றார். நானும் தலையாட்டினேன். கைப்பக்குவம் தெரிந்தவன் கையில் ஃபியூஸ் போகவே போகாது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அணைக்கட்டு ஏரியின் மேல்கோடியில், ஆறு வந்து சேருகிற இடத்தில் நின்றோம். காலை ஒன்பதரை மணி இருக்கும். முட்டளவு தண்ணீர், அடியில் கூழாங்கல். மழைக்கோட்டு போட்ட காவலாளி ஒருவர் கேட்டில் சீட்டு கொடுத்து அனுப்பியிருந்தார். அவரைத் தவிர கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் இல்லை. ஒரு மணி நேரத்தில் மூன்று டிரவுட் மீன்களைப் பிடித்து, கொக்கியைக் கழற்றித் திரும்பத் தண்ணீரிலேயே விட்டார். மூன்றும் உள்ளங்கை நீளம். ஒவ்வொன்றுக்கும் "வாடா ராஜா, வா" என்று சத்தம் போட்டார். ஐந்து மாதத்தில் அவர் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்கவில்லை.

நாலாவது மீனுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்த நான் அந்த மௌனத்தைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். கோல் கைப்பிடிவரை வளைந்திருந்தது. ரீல் கிர்ரென்று சுற்றிக்கொண்டே இருந்தது.

"பெருசா?"

"தெரியல."

"பொய் சொல்லாதீங்க."

"பெருசுதான்."

பிளாஸ்க்கை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வெட்டிவிடலாம் என்று கத்தரியைத் திறந்தேன். "அதுவா அறுத்துக்கிட்டுப் போயிடும். ரெண்டு நிமிஷம் பொறு" என்றார். சொல்கிறவர் அதை அறுக்க விட்டால்தானே? மீன் ஓடினால் கோலைச் சாய்த்துக் கொடுத்தார். நின்றால் ஒரு சுற்று, அரைச் சுற்று என்று வாங்கினார். குண்டும் குழியுமான ரோட்டில், நிற்கிற பயணி ஒருவர்கூடச் சாயாமல் பஸ் ஓட்டுகிற மனிதர். ஒன்றரைக் கிலோ நரம்பு அவர் கையில் முப்பது கிலோ கயிறாகிவிட்டது.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பது என் வேலை. நரம்பு கிடைக்காத கைகளையெல்லாம் என்னிடம்தான் அனுப்புவார்கள். விரல் வைத்தால் எனக்குத் தெரிந்துவிடும். அவர் கழுத்தில் இரண்டு விரலை வைத்தேன்.

"என்ன பண்றே?"

"நாடி பார்க்கிறேன். நூத்தி இருபதைத் தாண்டுச்சுன்னா வெட்டிடுவேன். டாக்டர் சொன்ன கணக்கு."

அவர் கரையோரமாக மீன் பின்னால் நடந்தார். நான் அவர் கழுத்தைப் பிடித்தபடி கூடவே நடந்தேன். யாராவது பார்த்திருந்தால் புருஷனை நெரிக்கப் போகிறாள் என்று போலீஸுக்குச் சொல்லியிருப்பார்கள். தொண்ணூற்றாறு. நூற்று நாலு. மீன் ஏரியின் நடுவுக்கு ஓடியது. ரீலில் நூல் தீர்ந்து அடிக்கட்டை தெரிய ஆரம்பித்தது. நூற்றுப் பதினாறு. கத்தரியின் வாயை நரம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். நூற்றுப் பதினெட்டு. என் விரல் அவர் நாடியை எண்ணுகிறதா, என் நாடியையே எண்ணுகிறதா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அப்போது மீன் நின்றது. அவர் மூச்சை மெதுவாக விட்டார். எண்ணிக்கையும் இறங்கியது. கால்மணி நேரம் கெஞ்சிக் கெஞ்சி அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். கரையிலிருந்து பத்தடியில் அது ஒருமுறை புரண்டபோது முழுதாகப் பார்த்தோம். என் தோளிலிருந்து விரல்நுனிவரைக்கும் இருக்கும். ஏழு கிலோவாவது இருக்கும் என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். நாற்காலியில் கிடந்த ஆள் அங்கே இல்லை. கடவுளே, இது இவருக்குக் கிடைக்கட்டும் என்று நானே வேண்டிக்கொண்டேன்.

விரலடியில் நூற்றுப் பத்து ஓடியது. முகத்தில் மாற்றமில்லை, உதட்டில் நீலமில்லை, வியர்வைகூட இல்லை.

"வலிக்குது" என்றார்.

எனக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை.

"நெஞ்சுல. இந்தா, கோலைப் பிடி."

கோலை என் கையில் திணித்துவிட்டு அங்கேயே கல்லில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்த மாத்திரையை நான் ஒரு கையாலேயே உடைத்து அவர் நாக்குக்கு அடியில் வைத்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தது மனப்பாடம்: உட்கார வை, ஒரு மாத்திரை, ஐந்து நிமிடம் பார். போகவில்லை என்றால் இரண்டாவது மாத்திரை, ஆம்புலன்ஸ். மணி பார்த்தேன். பத்து ஐம்பத்திரண்டு. போனில் ஆம்புலன்ஸ் எண்ணைத் தயாராக எடுத்து அவர் பக்கத்தில் கல்லில் வைத்துவிட்டுக் கத்தரியைப் பிடித்தேன். மீனாவது மண்ணாவது.

அவர் தடுக்கவில்லை. வெட்டாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒப்பந்தப்படி வாய் திறந்தார், ஒப்பந்தப்படி நான் வெட்டப்போகிறேன், அவ்வளவுதான் என்பதுபோல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் என் கையைப் பிடித்து நிறுத்தியது. இந்த மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக வலி என்று வாய் திறந்து சொல்லியிருக்கிறார். சொன்ன அடுத்த நொடி நான் அவர் மீனை அறுத்துவிட்டால், அடுத்த தடவை சொல்வாரா? மாட்டார். வாயு என்பார். உண்மையைச் சொன்னால் நஷ்டம் என்று நானே சொல்லிக் கொடுத்ததாகிவிடும்.

இந்த ஐந்து நிமிடத்தில் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலையும் இல்லை. கத்தரியை விட்டேன். கோலை இரண்டு கையாலும் பிடித்தேன்.

பிடித்ததுதான் தாமதம், மீன் ஓட ஆரம்பித்தது.

"விடு! விடு!" என்றார் அவர்.

"விட மாட்டேன்!" என்று கத்தி ரீலை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நரம்பு விண்ணென்று பாடியது.

"ஐயோ, நூலை விடு! கோலைச் சொல்லல!"

கையை எடுத்தேன். ரீல் சுற்றியது. நரம்பு எப்படி அறாமல் தப்பியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"பேசாதீங்க. மாத்திரை கரையட்டும்."

"பேசலைன்னா நீ அறுத்துடுவே" என்றார், நாக்கு குழற. "விட்டுப் பிடி. என்னைத்தான் ஒருநாளும் விட்டுப் பிடிச்சதில்ல, அதையாவது விட்டுப் பிடி."

இந்த நேரத்தில் அவருக்குக் கிண்டல் வேறு. திட்டுவதற்கு வாயெடுத்தேன், மீன் மறுபடி திரும்பியது. நூல் வழியாகக் கோலுக்கும் கோல் வழியாக என் விரலுக்கும் அதன் அசைவு வந்துகொண்டிருந்தது. ஊசி நுழைவதற்கு முன்னால் தோலுக்கடியில் வழுக்கிக்கொண்டு போகிற நரம்பு மாதிரி. அதைத் துரத்தக் கூடாது. அதுவாக நிற்கும்வரை பொறுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். பொறுத்தேன். நின்றபோது சுற்றினேன். ஓடியபோது விட்டேன். நடுவில் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தேன். கல்லில் சாய்ந்திருந்தார், கண் திறந்திருந்தது. அது போதும்.

வலையை எடுத்தேன். அது உள்ளங்கை மீனுக்கு வாங்கிய வலை, இதன் தலைகூட நுழையாது. "பின்னாடி நட. கோலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே மேட்டுக்கு நட" என்றார். முகம் தண்ணீரைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்தேன். கல்லில் இடறினேன், மறுபடி நடந்தேன். மீன் ஆழமில்லாத இடத்துக்கு வழுக்கிக்கொண்டு வந்து பக்கவாட்டில் சாய்ந்தது. வயிறு கல்லைத் தொட்டதும் ஒரு துள்ளுத் துள்ளியது. கொக்கி தெறித்து என் காதோரம் பறந்து போனது. கோலை எறிந்துவிட்டு ஓடிப்போய்த் தண்ணீரில் விழுந்து இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்தேன். வாலால் முகத்தில் அறைந்தது. விடவில்லை. முழங்காலில் எழுந்து, அதை மார்போடு அணைத்துத் தூக்கி அவருக்குக் காட்டினேன்.

"பிடிச்சிட்டேன்! பாருங்க, பிடிச்சிட்டேன்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த அரை நிமிடம் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அவர் மீனைப் பார்த்தார். நன்றாக, வாலிலிருந்து தலைவரை பார்த்தார். அப்புறம் கையைத் தூக்கி என் கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"மணி பாரு. ஆறு நிமிஷம் ஆயிடுச்சு. வலி போகல."

மீன் எப்போது என் கையிலிருந்து தண்ணீருக்குப் போனது என்று எனக்கு நினைவில்லை. இரண்டாவது மாத்திரையைக் கொடுத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, கேட் பக்கமாகக் காவலாளிக்குக் கேட்கிறவரை கத்தினேன். காவலாளி கேட்டைத் திறந்து வைத்தார். வண்டி ஏரிக்கரை வரைக்குமே வந்துவிட்டது. வழியெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டபடியே இருந்தேன். அவரும் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார். அப்படியே இருக்கு. கொஞ்சம் கூடுது. இப்ப தோள்லயும் இருக்கு.

அறுவை சிகிச்சையில் புதிதாக வைத்த ரத்தக்குழாய்களில் ஒன்று அடைத்திருந்தது. தொடை வழியாகக் கம்பி விட்டு அன்று மதியமே திறந்தார்கள். இதயத் தசைக்குச் சேதம் இல்லை, நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார்கள். சாயங்காலம் ஓர் இளம் டாக்டரம்மா அட்டையும் பேனாவுமாகக் கட்டில் பக்கத்தில் வந்து நின்றார். நான் காலடியில் உட்கார்ந்திருந்தேன். என் உடம்பெல்லாம் மீன் கவிச்சி.

"வலியைப் பத்துக்கு எவ்வளவுன்னு சொல்லுங்க. இங்க வரும்போது?"

"ஏழு, எட்டு இருக்கும்."

"ஆரம்பிச்சப்போ? இவங்ககிட்ட முதல்ல சொன்னீங்களே, அப்போ?"

அவர் யோசித்தார். ஏதோ தப்புச் செய்துவிட்டவர் மாதிரி என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ரெண்டு" என்றார். "ரெண்டுதான் இருந்துச்சு டாக்டர். கொஞ்சம் அவசரப்பட்டுட்டேனோ?"

டாக்டரம்மா இல்லை என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. வெளியே வந்து, தண்ணீர் பிடிக்கிற குழாய்ப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு அழுதேன். ட்ராலி தள்ளிக்கொண்டு போன நர்ஸ் நின்று என் தோளைத் தொட்டார்.

"எதுக்கும்மா அழறீங்க? அவருக்கு இனிமே பயமில்ல."

"தெரியும்மா" என்றேன். "அதுக்கு அழல."