புகார் உண்மைதான்

தையல்காரர் கூச்சநாச்சமில்லாமல் சொன்ன பொய்களிலேயே பெரியது, இறுதி ஆட்டத்தில் கோல் போட்டது தன் மகன் என்பதுதான். மகனுக்குப் பந்து என்றாலே குலைநடுக்கம். கால்பந்துக் கழகத்தில் பெயர் பதிந்த ஒரே வாரத்தில் ஓட்டம் பிடித்தவன் அவன். ஆனால் அவன் பெயரில் அடையாள அட்டை இருந்ததே! கழகத்துக்குச் செயலாளரும் அவர், சட்டை தைப்பவரும் அவர். துண்டுத் துணியைக்கூட வீணாக்காத மனுஷன், அட்டையை வீணாக்குவாரா?

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் சுண்டெலி. பன்னிரண்டு வயது, ஆள் அரை ஆள், காலில் மட்டும் சக்கரம். அவன் பெயர் எதிர்க் கழகத்தில் பதிவாகியிருந்தது. அங்கே ஒரு மாதம் ஓரமாக உட்கார வைத்ததில் வெறுத்துப்போய் இங்கே வந்தவன். முறைப்படி மாற அந்தக் கழகத் தலைவரான நாற்காலிக் கடைக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். அவர் முடியாது என்றுவிட்டார். தையல்காரர் சுண்டெலியின் படத்தை மகனின் அட்டையில் ஒட்டினார். நாலு வருஷம் காதும் காதும் வைத்தாற்போல நடந்தது.

நாலாம் வருஷ இறுதி ஆட்டத்தில் நாற்காலிக் கடைக்காரரின் அணிக்கே கோல் போட்டுக் கோப்பையைத் தட்டி வந்தான் சுண்டெலி. கடைக்காரர் ஏழு புகைப்படங்களோடு சம்மேளனத்துக்குப் புகார் எழுதினார். தையல்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?" என்றார். போதிய ஆதாரம் இல்லை என்று கோப்பு மூடப்பட்டது.

இப்போது சுண்டெலியைப் பெரிய கழகம் ஒன்று சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. அப்படி எடுத்தால், பன்னிரண்டு வயதிலிருந்து அவனைப் பழக்கிய கழகங்களுக்கு வருஷக் கணக்குப் போட்டுத் தொகை தர வேண்டும் என்பது விதி. தையல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கழகம் ஆடும் மைதானத்தை விற்கப்போவதாக அதன் சொந்தக்காரர் சொல்லியிருந்தார். மாதக் கடைசிக்குள் இவர்கள் வாங்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். நாலு வருஷத் தொகை அதற்குச் சரியாக இருந்தது.

சம்மேளனத்திலிருந்து கடிதம் வந்தது. பதிவேட்டின்படி அந்த நாலு வருஷமும் சுண்டெலி எதிர்க் கழகத்து ஆட்டக்காரன். ஆகவே தொகை நாற்காலிக் கடைக்காரருக்கு.

"மாமா, நான் சொல்றேன் அவங்ககிட்ட," என்றான் சுண்டெலி போனில். சொல்லியும் பார்த்தான். ஆட்டக்காரன் வாய்மொழி செல்லாது, காகிதம் வேண்டும் என்றுவிட்டார்கள்.

தையல்காரர் இரண்டு நாள் மிஷினை மிதிக்கவில்லை. மனைவிதான் பொறுக்காமல் கேட்டாள்: "நாலு வருஷம் பொய் சொன்ன வாய்தானே? ஒரு நாள் உண்மையைச் சொன்னா வெந்தா போயிடும்?"

தையல்காரர் சம்மேளனத்துக்கு மனுப் போட்டார். விசாரணை நாளன்று அளவு நோட்டைத் தூக்கிக்கொண்டு போனார். வருஷா வருஷம் சட்டைக்கு எடுத்த அளவு: சுண்டெலி, மார்பு இருபத்தாறு, இருபத்தெட்டு, முப்பது, முப்பத்துமூணு.

"நான் ஏமாத்தினேன் மேடம். நல்லாவே ஏமாத்தினேன்."

அதிகாரி அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "இந்த நோட்டை நேத்து ராத்திரிகூட எழுதியிருக்கலாமே? வெளியாள் யாராவது சாட்சி இருக்காங்களா?"

"இருக்கார் மேடம். பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார். அந்தப் பழைய புகாரை எடுங்க."

கோப்பு தூசியோடு வந்தது. மேலே கடைக்காரரின் கொட்டை எழுத்து: 'கோல் போட்டது எங்கள் சுண்டெலி. நாலு வருஷமாக அவனைக் கள்ளத்தனமாக அங்கே ஆடவைக்கிறார்கள். கடவுள் சாட்சி.'

கடைக்காரருக்கு வேர்த்தது. "அது... கோபத்துல எழுதினது மேடம். ஆள் அடையாளம் தெரியாம..."

"அய்யோ, அப்படிச் சொல்லாதீங்க!" தையல்காரர் எழுந்தேவிட்டார். "நீங்க எழுதினது ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். ஏழு படமும் சுண்டெலிதான். அன்னைக்கு உங்களைப் பொய்யர்னு சொன்ன பாவி நான்தான்!"

அதிகாரி அம்மாள் கடைக்காரரிடம் திரும்பினார். "புகார் உண்மையா, பொய்யா? பொய்ப்புகாருக்கும் தண்டனை உண்டு."

கடைக்காரர் தன் கொட்டை எழுத்தை ஒரு தடவை பார்த்தார், தையல்காரரை ஒரு தடவை பார்த்தார். "உண்மைதான்," என்றார் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு.

தீர்ப்பு ஒரு வாரத்தில் வந்தது. நாலு வருஷத் தொகை பழக்கிய தையல்காரரின் கழகத்துக்கு. புகார் நிரூபணமானதால் கோப்பை நாற்காலிக் கடைக்காரருக்கு. ஆள்மாறாட்டம் செய்த தையல்காரர் மூன்று வருஷம் எந்த மைதானத்துக்குள்ளும் கால் வைக்கக் கூடாது.

கோப்பைக்குள் கிடந்த பட்டன்களைக் கொட்டிவிட்டு அதைத் துடைத்தபோது தையல்காரருக்கு அழுகை முட்டியது. கழகம் வாங்கிய ஒரே கோப்பை அது. தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தார்.

சொந்தமாகிவிட்ட மைதானத்தில் முதல் ஆட்டம். ஊரே உள்ளே இருந்தது. வாங்கிக் கொடுத்தவர் மட்டும் வேலிக்கு வெளியே, தன் கடையின் மொட்டைமாடியில் நின்று, "இடது பக்கம் போடுடா! இடது பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

கீழே தெருவில் நாற்காலிக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். "என்னய்யா, மாடியில நின்னு ஆட்டத்தை நடத்துறீங்களா? இதுக்கும் ஒரு புகார் எழுதட்டுமா?"

"எழுதுங்க அண்ணே," என்றார் தையல்காரர், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல். "போன தடவை நீங்க எழுதினதுலதான் மைதானமே வந்துச்சு."