மேசைக்குச் சொன்ன உயரம்

என் இரண்டு கைகளுக்கும் பல்கலைக்கழகம் போட்ட விலை நூறு மதிப்பெண். கைக்கு ஐம்பது வீதம். வேதியியல் செய்முறைத் தேர்வு நடக்கும் நாளில் அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நான் வீட்டிலேயே இருக்க வேண்டும். இருந்தால் நூற்றுக்கு நூறு. நான் துணிக்கடையில் வளர்ந்தவள். சரக்கை அனுப்பாதே, பணத்தை மட்டும் வாங்கிக்கொள் என்று சொல்லும் வாடிக்கையாளரை அதற்கு முன் பார்த்ததில்லை.

துறைத்தலைவர் நல்லவர். அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்தால் ஒரு சண்டையைப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். என் சக்கர நாற்காலி நுழைவதற்காகத் தன் அறையில் இருந்த நாற்காலிகளை அவரே ஒதுக்கினார். தண்ணீர் கொடுத்தார். பிறகுதான் தாளை நீட்டினார்.

“ஆசிட் புழங்குற எடம்மா அது. நின்னு வேலை செய்யறதுங்களே மேல கொட்டிக்குதுங்க. உன் மேல கொட்டினா உன்னால ஓட முடியுமா?”

“ஓட மாட்டேன் மேடம். உருண்டு போயிடுவேன். அவங்களவிட வேகமாத்தான் போவேன்.”

சிரிக்கக் கூடாது என்று நினைத்துச் சிரித்துவிட்டார். “ஒரே ஒரு கையெழுத்து. முழு மார்க். மத்த பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா வயிறெரியும்.”

எங்கள் வீட்டில் எந்தத் தாளையும் அடியிலிருந்துதான் படிப்போம். பொடி எழுத்தெல்லாம் அங்கேதான் குடியிருக்கும். படித்தேன். மதிப்பெண் பட்டியலில் செய்முறைக்கு நேராக ஒரு நட்சத்திரம் இருக்கும். நட்சத்திரத்துக்குக் கீழே விளக்கம்: செய்முறையிலிருந்து விலக்கு பெற்றவர்.

எனக்குச் சாயப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குப் போக வேண்டும். இது சின்ன வயது ஆசை. ஒரே ஒரு தண்ணீரில் சிவப்பெல்லாம் போய்விட்ட துணியைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் கடைக்கு வருவார்கள். அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடி, “சாயம் போனதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?” என்பார். ஏன் போனது என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் வேதியியலுக்கே வந்தேன். செய்முறை விலக்கு என்று நட்சத்திரம் குத்திய ஒருத்தியை எந்தப் பரிசோதனைக் கூடம் வாசலுக்குள் விடும்?

“யோசிச்சு சொல்றேன் மேடம்” என்று தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் கடையில் அப்பா தாளை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார், துணியில் நூல் அடர்த்தி பார்ப்பது போல. என்னை அவர் ‘மொதலாளி’ என்றுதான் கூப்பிடுவார்.

“சும்மா தர்றாங்கன்னா உள்ள கிழிசல் இருக்கும் மொதலாளி. பிரிச்சுப் பாக்காம வாங்கக் கூடாது.”

“பிரிச்சுப் பாத்துட்டேன்பா. கிழிசல்தான்.”

“அப்போ உனக்கு என்ன வேணும்?”

கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இருந்தது. ஆய்வகத்து மேசைகள் தொண்ணூறு சென்டிமீட்டர் உயரம். நாற்காலியில் இருக்கும் எனக்கு அது தோள் மட்டம். வருஷம் முழுக்க மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல என் கூட்டாளி ஒருத்திதான் செய்தாள். அவளுக்கு வகுப்பில் ‘அவசரம்’ என்று பெயர். பியூரெட் என்கிற அந்த நீளக் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டியதை அவள் குழாயடியில் குடம் பிடிப்பது போல விடுவாள். வெளிர் ரோஜா நிறத்தில் நிற்க வேண்டிய கரைசல் ஒவ்வொரு தடவையும் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விடும். கணக்கு என் மூளை, கை அவள் கை, மதிப்பெண் இரண்டு பேருக்கும் சுமார்.

எனக்கு வேண்டியது எழுபத்தைந்து சென்டிமீட்டரில் ஒரு மேசை. கடை நாடாவால் வீட்டு மேசை, கடை மேசை, தபால் நிலைய மேசை எல்லாவற்றையும் அளந்து பார்த்துக் கண்டுபிடித்த உயரம். முழங்கால் அடியில் போகும், முழங்கை மேலே நிற்கும்.

“எழுபத்தஞ்சுன்னு கேட்டா எண்பத்தஞ்சுக்கு வந்து நிப்பாங்க” என்றார் அப்பா. “அறுபதுன்னு ஆரம்பி. இழுத்துப் பிடிச்சு எழுபத்தஞ்சுல முடி.”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கடையில் நாங்கள் யாருமே உண்மை விலையை முதலில் சொன்னதில்லை. சொன்னால் வாங்க வந்தவருக்கே பேரம் பேசின திருப்தி இருக்காது.

ஆய்வகத்தில் வைத்தே பேச்சுவார்த்தை நடந்தது. துறைத்தலைவர் வந்தார். கட்டடப் பராமரிப்புப் பொறியாளர் காதில் பென்சிலோடு வந்தார். ஜன்னலோரம் தனிக் கால்களில் நின்ற ஒரு மரமேசையை நான் காட்டினேன். தண்ணீரும் எரிவாயுவும் அதற்கு ரப்பர் குழாயில்தான் வந்தன, சுவரை உடைக்க வேண்டியதில்லை.

“உயரம் சரி, பாதுகாப்பு?” என்றார் துறைத்தலைவர். “மேல பட்டுட்டா உடனே அங்க போய் நிக்கணும்.” கதவோரம் இருந்த அவசரக் குளியல் குழாயைக் காட்டினார். சங்கிலியை இழுத்தால் மேலிருந்து தண்ணீர் கொட்டும்.

“அந்தச் சங்கிலிய நீட்டிட்டா எனக்கு எட்டும் மேடம். இப்ப உங்களுக்கு எட்டுமா?”

அவர் குள்ளம். கேட்ட பிறகுதான் அவருக்கே சந்தேகம் வந்தது போலிருந்தது. போய்க் கையைத் தூக்கினார். குதிகாலைத் தூக்கினார். சங்கிலியின் வளையம் விரலுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் சாவதானமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பொறியாளர் ஜன்னல் வழியாக வானிலையைக் கவனித்தார்.

“இத்தனை வருஷமா இங்கதான் வேலை செய்யறேன்” என்றார் துறைத்தலைவர் மெதுவாக.

“உங்களுக்கும் சேத்துத்தான் கேக்கறேன்.”

“சங்கிலிய எழுதிக்குங்க” என்றார் பொறியாளரிடம். “மேசை எவ்வளவும்மா?”

“அறுபது” என்றேன், கறாரான முகத்துடன். அடுத்து அவர் எண்பது என்பார், நான் பெருமூச்சு விட்டு அறுபத்தைந்து என்பேன் என்று மனசுக்குள் எல்லாம் தயார்.

“அறுபது” என்று பொறியாளர் எழுதிக்கொண்டார். “அடுத்த வாரம் முடிஞ்சிரும்.”

அவ்வளவுதான். இரண்டு பேரும் கிளம்பிப் போய்விட்டார்கள்.

முதல் விலைக்கே ஒத்துக்கொள்கிற வாடிக்கையாளரைப் பார்த்தால் வியாபாரிக்குத் தூக்கம் போய்விடும். பின்னாலேயே உருண்டுபோய் எழுபத்தைந்து என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் முதலில் ஏன் அறுபது என்றாய் என்று கேட்பார்களே. சில சென்டிமீட்டர் குறைந்தால் என்ன, சமாளித்துக்கொள்ளலாம் என்று என்னையே நான் ஏமாற்றிக்கொண்டேன். அப்பாவிடம் சொன்னபோது அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

“ஒரே பேச்சுல ஒத்துக்கிட்டாங்களா? அப்போ எங்கயோ அடி வாங்கப் போறோம்.”

வாங்கினோம். மேசை வந்தது. கால்களை அறுத்து, அடியை இழைத்து, அறுபதுக்கு அறுபது என்று அச்சாக நின்றது. நான் முன்னேறினேன். என் முழங்கால்கள் பலகையின் விளிம்பில் முட்டின. நாற்காலியின் கைப்பிடிகளும் முட்டின. பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, இடுப்பை முறுக்கி ஒரு கையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். அந்தக் கோணத்தில் ஒரு குடுவையைத் தூக்கினால் அது நேராக என் மடிக்குத்தான் வரும். விலையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிச் சொல்லலாம், கடைசியில் இறங்கிவிடும். அளவை மாற்றிச் சொன்னால் அது மரமாகவே வந்து எதிரே நிற்கிறது. எங்கள் கடையில்கூட மீட்டர் கோலில் யாரும் கை வைக்க மாட்டோம். அந்த வித்தியாசம் எனக்கு அன்றுதான் முழங்காலில் உறைத்தது.

“பேசாம அந்த நூறை வாங்கிக்கடி” என்றாள் அவசரம். “எனக்குக் குடுத்தா ரெண்டு கையெழுத்து போடுவேன்.”

“உனக்குக் குடுக்கலாம். நீ செய்முறைக்கு வராம இருக்கறது லேபுக்கே நல்லது.”

“நன்றி கெட்டவளே, வருஷம் முழுக்க உனக்குக் கையா இருந்தேன்.”

“அதான்டி சொல்றேன். இனிமே என் கைய நானே வச்சுக்கறேன்.”

தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது. துறைத்தலைவர் வந்து, மேசையையும் அதற்குக் குறுக்கே கிடந்த என்னையும் பார்த்தார். அவர் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“நீ கேட்டதத்தானேம்மா செஞ்சோம். இதுவும் சரிப்படலன்னா வேற என்னதான் பண்றது? அந்தத் தாள் இன்னும் உன்கிட்டதானே இருக்கு?”

இருந்தது. பையிலேயே இருந்தது. பேனாவும் இருந்தது.

பேரத்தில் பரம்பரை விதி ஒன்று உண்டு. என்ன நடந்தாலும் அடக்க விலையை மட்டும் வெளியே சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் அப்புறம் நீ வியாபாரி இல்லை, கை ஏந்தி நிற்பவன். என் வாழ்க்கையில் யாரிடமும் அதை நான் சொன்னதில்லை.

“மேடம், நான் பொய் சொல்லிட்டேன்.”

“என்னது?”

“எனக்கு வேண்டியது எழுபத்தஞ்சு. நீங்க பேரம் பேசுவீங்கன்னு நெனச்சு அறுபதுன்னு சொன்னேன். நீங்க பேசவே இல்ல.”

“நான் ஏன் பேரம் பேசணும்? உன் கால் உனக்குத்தானே தெரியும்? கேட்டா கேட்டத செய்யணும்னு நெனச்சேன்.” அவர் குரல் உயர்ந்தது. “கடையிலகூட நான் பேரம் பேச மாட்டேன். போன மாசம் ஜன்னலுக்குத் திரைத்துணி வாங்கினேன், கடைத்தெரு முனையில. சொன்ன வெலைய அப்படியே குடுத்துட்டு வந்தேன்.”

முனைக் கடை எங்களுடையது. ஒரு வார்த்தை பேசாமல் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போன ஒரு குள்ளமான அம்மாவைப் பற்றி அப்பா மூன்று நாள் தூக்கம் வராமல் பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. என் முகம் போன போக்கை அவர் பார்த்துவிட்டார்.

“உங்க கடையா?”

“ஆமாம் மேடம்.”

“அதுலயும் இப்படித்தானா?”

“அதுல... கொஞ்சம் கூடத்தான்.”

எங்கள் குடும்பத்தின் சாயம் மொத்தமாக வெளுத்த இடம் அது. அவசரம் பிப்பெட் குழாய்களை எண்ணுவது போல அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

“இப்ப சொல்ற எழுபத்தஞ்ச மட்டும் நான் எப்படி நம்பறது?” என்றார் துறைத்தலைவர்.

“நம்ப வேணாம். பாருங்க.”

மேசையிலிருந்து அறுத்த கால் துண்டுகள் மூலையிலேயே கிடந்தன. பொறியாளரைக் கூப்பிட்டோம். அவர் முணுமுணுத்துக்கொண்டே தச்சரைக் கூட்டி வந்தார். தச்சர் ஒவ்வொரு துண்டையும் பாதியாக வெட்டி மேசையின் கால்களுக்கு அடியில் கொடுத்தார். பையிலிருந்த கடை நாடாவை இழுத்து நான் அளந்தேன். பிறகு நாடாவைத் துறைத்தலைவரிடமே கொடுத்து அவரையும் அளக்கச் சொன்னேன். எழுபத்தைந்து.

நாற்காலியை உருட்டினேன். முழங்கால்கள் அடியில் போய்விட்டன. அன்று வரை அந்த அறையில் எந்த மேசைக்கும் என் மார்பு இவ்வளவு அருகில் போனதில்லை.

ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். பியூரெட்டைத் தாங்கியிலிருந்து கழற்றித் தாழ்த்திப் பிடித்து, புனல் வைத்து நிரப்பினேன். கொஞ்சம் வெளியே சிந்தியது. துறைத்தலைவர் ஓர் அடி முன்னால் வந்தார். நான் துணியால் துடைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் அந்த அடியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

இடது கையில் பியூரெட்டின் திறப்பு, வலது கையில் குடுவை. சுழற்றிக்கொண்டே விட்டேன். ரோஜா நிறம் வந்து மறைந்தது. வந்தது, மறையத் தயங்கியது. திறப்பை மூடிவிட்டுக் காத்திருந்தேன். இன்னும் அரைச் சொட்டு. குடுவையின் விளிம்பில் தொட்டு எடுத்தேன். நிறம் நின்றது. அவசரத்தின் கத்தரிக்காய் இல்லை, வெள்ளைத் துணிமேல் வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் ரோஜா.

துறைத்தலைவர் குடுவையை வாங்கி ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். என் அப்பா துணி பார்ப்பது போலத்தான் இருந்தது.

“தேர்வுக்கு வா” என்றார். “ஆனா ஒண்ணு. இனிமே என்கிட்ட உண்மையான அளவை மட்டும்தான் சொல்லணும்.”

“சரி மேடம். நீங்களும் எங்களுக்கு எதையும் சும்மா குடுக்கக் கூடாது.”

தாளை நான் நான்காகக் கிழித்து ஆய்வகத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். தச்சர் கட்டைகளை ஆணி அடித்து நிரந்தரமாக்கினார். அப்பாவிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கணக்கு நோட்டைப் புரட்டினார். பிறகு திரைத்துணியில் வாங்கிய அதிகப்படியை ஓர் உறையில் போட்டுத் துறைத்தலைவருக்குக் கொடுத்தனுப்பினார். எங்கள் கடையில் பணம் கதவுக்கு வெளியே போனதை அன்றுதான் பார்த்தேன். “படிப்புச் செலவு” என்று சொல்லிக்கொண்டார், யாருடைய படிப்பு என்று சொல்லவில்லை.

இனி கணக்கு. சும்மா வந்திருக்க வேண்டியது நூறு. நானே செய்து வாங்கியது அறுபத்தெட்டு. நஷ்டம் முப்பத்திரண்டு. தேர்வில் உடைந்த பிப்பெட் ஒன்று, அதற்கு அபராதம் கட்டியாகிவிட்டது. நட்சத்திரம் இல்லை. சங்கிலி நீண்டுவிட்டது, துறைத்தலைவருக்கும் எட்டுகிறது. வர வேண்டிய பாக்கி ஒன்று உண்டு: சாயங்களின் நிறத்தை அளக்கும் நிறமாலைக் கருவி மேல்மாடியில் இருக்கிறது, அதற்குப் போக லிஃப்ட் இல்லை. ஒரு லிஃப்ட் என்று கேட்டிருக்கிறேன். ஒன்றுதான் வேண்டும், ஒன்றுதான் கேட்டிருக்கிறேன், அதில் ஒரு படிகூடக் குறைக்க மாட்டேன்.