இடைவெளியில் விழுந்தவர்

1

முதலில் ஒரு வாக்குமூலம். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல, காதில் விழுந்தது. ஜூலை மாதம், என் ஸ்கூட்டருக்கு இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க கோலார் தங்கச் சுரங்க ஊரில், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் லாய்டின் சின்ன ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஐம்பதை நெருங்கும் ஒரு பெண். மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் காரின் காகிதங்கள். லாய்டு சொன்னதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அவள் தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த நாலு மாசத்துல நான் யாரையாவது இட்ச்சிருந்தா?"

லாய்டு சிரித்தான். "இட்ச்சீங்களா ஆன்ட்டி?"

அவள் கவரை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். என் ஸ்கூட்டர் வேலை முடிந்தும் நான் எழுந்து போகவில்லை. வெளியே வந்து அவளோடு நடந்தேன். பேர் அம்சவேணி என்றாள். மீதியை அவள் சொல்லி முடிக்க மூன்று வாரம் ஆனது.

2

தொடக்கங்கள்.

"அம்சவேணி ஒரு கொலைகாரியா என்பது" — நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கினால் நீங்கள் போலீசை எதிர்பார்ப்பீர்கள். இந்தக் கதையில் போலீஸ் வருவதில்லை. வந்துவிடுவார்களோ என்ற பயம் மட்டும் வாசலில் நின்றுகொண்டே இருக்கிறது.

"எட்டு வருடம் எதுவுமே நடக்காமல் இருந்ததற்குக் கிடைத்த பரிசு" — இது கட்டுரை. ஆனாலும் விஷயத்தைச் சொல்லித்தானே ஆகவேண்டும். ஒரு வருடம் முழுக்க விபத்து, சேதம் என்று கம்பெனியிடம் போய் நிற்காவிட்டால், அடுத்த வருடம் தவணையில் தள்ளுபடி தருவார்கள். நோ க்ளெய்ம் போனஸ். அது வருடா வருடம் ஏறி, பாதியில் போய் நிற்கும். பாலிசி முடிந்து தொண்ணூறு நாளுக்குள் புதுப்பிக்காமல் விட்டால் ஏறியது அத்தனையும் இறங்கிவிடும். மறுபடி பூஜ்யம்.

"ராமசாமியின் செல்போனுக்கு ஜூலை பத்தாம் தேதி காலையில் உயிர் வந்தது." — இது சரி. இங்கிருந்தே போகிறேன்.

3

ராமசாமியின் செல்போனுக்கு ஜூலை பத்தாம் தேதி காலையில் உயிர் வந்தது. ஐந்து மாதமாக அது பீரோவில், துண்டுக்கு அடியில் கிடந்தது. அம்சவேணியின் கணவரான அவருக்குப் பக்கவாதம் வந்தது பிப்ரவரியில், ஊரிகம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், பெங்களூர் ரயிலுக்கு நிற்கும்போது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போய், "ம்" என்ற ஒரு சத்தம் மிஞ்சியது. சரி என்றாலும் "ம்", வேண்டாம் என்றாலும் "ம்".

பி.எஃப். விஷயமாக அவர் நம்பருக்கு ஓடிபி வரும் என்றார்கள். அதற்காகத்தான் அம்சவேணி போனை சார்ஜ் போட்டாள். ஓடிபி வருவதற்கு முன்னால், அடைத்து வைத்த தண்ணீர் திறந்துகொண்ட மாதிரி மெசேஜ்கள் வந்து விழுந்தன. உங்கள் கார் பாலிசி முடிய இன்னும் பதினைந்து நாள். ஏழு நாள். நாளை கடைசி. மார்ச் இரண்டாம் தேதியோடு முடிந்தது. உங்கள் போனஸைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் பத்து நாள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கம்பெனிக்கும் சலித்துப் போயிருக்க வேண்டும்.

அவள் நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினாள். பாலிசி இல்லாமல் நூற்று முப்பது நாள். அந்த நூற்று முப்பது நாளும், வாரம் இருமுறை, அவளேதான் அவரை ஏற்றிக்கொண்டு கோலாருக்குப் பிசியோதெரபிக்கு ஓட்டிப் போனாள். லைசென்ஸ் வாங்கி ஆறு வருடம் ஆகியும், பிப்ரவரி வரை சர்ச்சுத் தெருவைத் தாண்டி ஓட்டியதில்லை. அதற்குப் பிறகுதான் லாரிகளுக்கு நடுவில், பங்காருபேட்டை வளைவுகளில், எதிரே பஸ் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு.

[இங்கே ஒரு சந்தேகம். முடிந்துபோன ஆபத்துக்கு ஒருத்தி இவ்வளவு பயப்படுவாளா? கிணற்று விளிம்பில் தூக்கத்தில் நடந்தவளை எழுப்பி, நீ நடந்த இடம் இதுதான் என்று காட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது என்றாள். நான் எழுதிக்கொண்டேன்.]

4

மறுநாள் லாய்டு வண்டியைப் பார்க்க வந்தான். பாலிசியில் இடைவெளி விழுந்த வண்டியைப் பார்வையிட்டுப் படம் எடுக்காமல் புதுப் பாலிசி கிடையாது. முன்னால், பின்னால், கண்ணாடி, மீட்டர் என்று எடுத்துக்கொண்டே வந்தவன் இடப்பக்கம் வந்ததும் குனிந்தான்.

"இது இன்னா கீறல்? நீலமா பெய்ன்ட் ஒட்டிக்கினு இருக்கு."

"தெரியலப்பா. எங்கியாவது நிறுத்தனப்போ எவனாவது உரசியிருப்பான்."

"பரவால்ல. போனஸ் போச்சு ஆன்ட்டி, அதை மறந்துடுங்க. பார்ம்ல ஒரு கேள்வி கீது. பாலிசி இல்லாத நாள்ல விபத்து எதுனா நடந்துச்சான்னு. இல்லன்னு போட்டுக்கறேன்."

"போடாதே."

அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது.

"அப்பால வந்து கையெழுத்து போடறேன். நான் வர்ற வரைக்கும் எதுவும் எழுதாதே" என்றாள். பிறகுதான் ஆபீசுக்குப் போய் அந்தக் கேள்வியைக் கேட்டாள், எனக்கும் கேட்கும்படி.

ஏனென்றால் அவளுக்குத் தெரியும். மே இருபது, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை. ஊரிகம் ரயில்வே கேட்டைத் தாண்டித் திரும்பும்போது இடப்பக்கம் ஒரு சத்தம், தகர டப்பா விழுந்த மாதிரி. நிறுத்தினாள். நீல நிற மொபெட் ஒன்று சாய்ந்து கிடந்தது. ஹெல்மெட் போட்ட ஆள் ஒருவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். முகத்தில் மீசைதான் தெரிந்தது.

"ஐயோ, அடி பட்டுச்சாண்ணா?"

"ஒண்ணும் இல்லம்மா, நீங்க போங்க."

ஒரு கையால் விலாவைப் பிடித்திருந்தார். பக்கத்து சீட்டில் ராமசாமி. தெரபிக்கு நேரமாகியிருந்தது. அவள் கிளம்பினாள். கண்ணாடியில் கடைசியாகப் பார்த்தபோது அந்த ஆள் வண்டியை எடுக்கவில்லை. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்தார்.

இன்னொன்றும் உண்டு. கார் நகர்ந்ததும் ராமசாமி நல்ல கையைத் தூக்கிப் பின்பக்கம் காட்டி "ம், ம்" என்றார். புழுக்கமாயிருக்கிறது என்று நினைத்து அவள் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

இப்போது போய் அவரிடம் கேட்டாள். "அன்னிக்கு இன்னா சொன்னீங்க? நிறுத்தச் சொன்னீங்களா? போவச் சொன்னீங்களா?"

"ம்" என்றார்.

[ராமசாமிக்கு இந்த இடத்தில் பேச்சு வந்துவிடுவதாக ஒரு பக்கம் எழுதினேன். நன்றாகவே வந்தது. கிழித்துவிட்டேன். அவருக்கு இன்னும் பேச்சு வரவில்லை. நான் மட்டும் வரவழைப்பது எப்படி?]

5

கார் வாசலில் நின்றது. அவள் சாவியைத் தொடவில்லை. பஸ் படியில் ராமசாமியை ஏற்ற முடியாது. இரண்டு தடவை ஆட்டோ, மூன்றாவது தடவை போகவில்லை, நான்காவதும் போகவில்லை. விரியத் தொடங்கியிருந்த அவர் விரல்கள் மறுபடி உள்ளே மடங்கின. ஒவ்வொரு காலையும் அவள் அந்த விரல்களைப் பிரித்து விடுவாள். அவை மெதுவாகத் திரும்பிப் போகும்.

வாசலில் மோட்டார் பைக் சத்தம் கேட்டால் கை வேலை நின்றுவிடும். காக்கிச் சட்டை போட்டவர் யார் தெருவில் வந்தாலும் உள்ளே போய்விடுவாள், மீட்டர் பார்க்க வருபவரைக்கூட. பாலிசி இருந்திருந்தால் அடிபட்டவருக்குக் கம்பெனி பதில் சொல்லும். இல்லாத நாளில் விழுந்தவருக்கு அவள்தான் பதில். அவள், அந்தப் பழைய கார், சுரங்கக் காலத்து வரிசையில் ஒட்டிய இந்த லைன் வீடு, விரல் மடங்கிய ஒரு மனுஷன்.

அந்த வாரம்தான் ஊரிகம் ஸ்டேஷன் பக்கம் கம்பத்தில் கட்டியிருந்த ஃப்ளெக்ஸைப் பார்த்தாள். வெயிலில் வெளுத்து, ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். திரு. சாம்ராஜ், ஸ்கெலட்டன்.' பக்கத்துக் குடியிருப்புக்காரர். மீசை வைத்த முகம். தேதி மே 22.

செவ்வாய்க்கிழமை விழுந்தவர். வியாழக்கிழமை இறந்தவர்.

கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாரு, சொந்தமா?" என்று யாரோ கேட்டார்களாம்.

6

போகாமல் இருந்திருக்கலாம். கதைக்கு அதுதான் வசதி: தெரியாமலேயே ஒருத்தி வாழ்நாள் முழுக்க — இல்லை. அவள் போனாள். நான்கு நாள் சோறு இறங்காமல் இருந்துவிட்டு, ஐந்தாம் நாள் காலை, பக்கத்து வீட்டில் ராமசாமியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஸ்கெலட்டனுக்கு நடந்தே போனாள். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தை மாற்றி மாற்றி மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாளாம். "உங்க ஊட்டுக்காரரை இட்ச்சது நான்தான்." "அன்னிக்கு நான்தான் நின்னு பாக்காம போய்ட்டேன்." எதுவும் அந்த வீட்டு வாசல் வரை நிற்கவில்லை.

கதவைத் திறந்தவள் வினோலியா. சாம்ராஜின் மனைவி. அம்சவேணியின் வயதுதான் இருக்கும்.

"போஸ்டர் பாத்தேன்" என்றாள் அம்சவேணி. "எப்படி... எப்படி ஆச்சு?"

"உள்ள வாங்க. ஈரல் கெட்டுப்போச்சுங்க. பொங்கலுக்கே படுத்தாரு. ஏப்ரல்லேர்ந்து ஆஸ்பத்திரிதான். ஊட்டுக்கு உயிரோட வரவே இல்ல."

அம்சவேணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மே இருபதில் இந்த மனுஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலில். மொபெட்டில் இல்லை. கேட்டருகில் இல்லை. ஒரு மனுஷன் வியாதியில் செத்தான் என்று கேட்டு, அவன் வீட்டிலேயே உட்கார்ந்து, அவளுக்கு நெஞ்சு துள்ளியது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வினோலியா அது அழுகை என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"நீங்க யாருன்னு தெரியலியே. அவரை எப்படிப் பழக்கம்?"

இந்தக் கேள்விக்கு அவள் தயாராக வரவில்லை.

"ஒரு தபா... எங்களுக்கு உதவி பண்ணாரு."

"இன்னா உதவி?"

"ரயில்வே கேட்டாண்ட கார் நின்னுபோச்சு. அவருதான் வந்து தள்ளிவுட்டாரு."

"எப்ப?"

"போன... போன வருசம்."

வினோலியா சிரித்தாள், கண்ணில் நீர் வழிய. "ஒரு கொடம் தண்ணி தூக்கச் சொன்னா முதுகு வலின்னுவாரு! உங்க காரைத் தள்ளினாரா? எங்கிட்ட சொல்லவே இல்ல பாருங்க. இன்னொரு தபா சொல்லுங்க."

அம்சவேணி இன்னொரு தடவை சொன்னாள். இந்த முறை தூறல் சேர்ந்துகொண்டது. கேட் மூடப் போகும் மணிச் சத்தம் வந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. சாம்ராஜ் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தள்ளினார்.*

"நன்றி சொல்லலாம்னு இறங்கினேன். ‘ஒண்ணும் இல்லம்மா, நீங்க போங்க’ன்னாரு."

சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று அவளுக்கு உறைத்தது. வினோலியா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். "அவருதான். அப்படித்தான் சொல்லுவாரு."

வெளியே வந்து தெருமுனை திரும்புவதற்குள் துள்ளிய நெஞ்சு அடங்கிவிட்டது. இவர் இல்லையென்றால் வேறு யாரோ. இனி இந்த ஊரில் எந்தக் கம்பத்தில் எந்த மீசை தொங்கினாலும் அவள் நின்று தேதி பார்க்க வேண்டும்.

(* செருப்பைக் கழற்றி வைத்தது எனக்குத் தோன்றியிருக்காது. பொறாமையோடு ஒப்புக்கொள்கிறேன்.)

7

மறுநாள் லாய்டின் ஆபீஸ். நானும் இருந்தேன், இந்த முறை வேலை எதுவும் இல்லாமலே.

"எழுதிக்கோ தம்பி. மே இருபதாம் தேதி ஒருத்தர் என் கார் உரசி விழுந்தாரு. எழுந்துட்டாரு. அப்பால கல்லு மேல உட்கார்ந்தாரு."

லாய்டு பேனாவைக் கீழே வைத்தான். "ஆன்ட்டி, இந்தக் கட்டத்துல அவ்ளோ எடம் இல்ல."

"இருக்கற எடத்துல எழுது."

"அவரு கேஸ் போட்டாரா? வந்து கேட்டாரா? அவரே ஒண்ணும் இல்லன்னுட்டாரு. நீங்க இன்னாத்துக்கு..."

"இல்லன்னு போட்டு நான் கையெழுத்து போட மாட்டேன்."

பேனாவை மறுபடி எடுத்து அவன் எழுதினான்: ஆம். சிறு உரசல், இடப்பக்கம், 20-5. ஆளைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆளுக்கு இடம் போதவில்லை. கம்பெனி ஒத்துக்கொள்ளாமலும் போகலாம் என்று எச்சரித்தான். இரண்டு நாளில் ஒத்துக்கொண்டார்கள். போனஸ் என்ற இடத்தில் ஒரு பூஜ்யம்.

"இந்தப் பாலிசி அந்த நாளுக்கும் சேருமா?" என்று கேட்டாள்.

"இனிமே வர்ற நாளுக்குத்தான் ஆன்ட்டி. போன நாளுக்கு சேராது."

பாலிசி கைக்கு வந்த அன்றைக்கே அவள் சாவியை எடுத்தாள். கோலாருக்குப் போனார்கள். கேட்டருகே வரும்போது காரை நிறுத்தி, இறங்கி, அந்தக் கல்லைப் போய்ப் பார்த்தாளாம். கல்தான் இருந்தது. இப்போது போகும்போதும் வரும்போதும் அங்கே நிறுத்துகிறாள். பெட்டிக்கடையில் கேட்டுவிட்டாள், பால்காரர்களைக் கேட்டுவிட்டாள். நீல மொபெட்டா, நூறு இருக்குதும்மா என்கிறார்கள். ராமசாமியின் சுட்டுவிரல் இப்போது தானாக நிமிர்கிறது.

8

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நீல மொபெட்காரர் சிக்னலில் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்று, அடையாளம் தெரியாமல், சிரிக்கிறார். இன்னொன்றில் ஒரு பெண் அவள் வாசலுக்கு வந்து, "கேட்டாண்ட கார் ஓட்டினு போனது நீங்களா" என்று —

இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஊரிகத்துக்குப் போனேன். இதுவரைக்கும் நீங்கள் படித்ததை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ராமசாமியும் கேட்டார். இரண்டு இடத்தில் "ம்" என்றார். அவள் கணவரின் விரல்களைப் பிடித்துவிட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். முடிவுப் பக்கத்தைத் திருப்பியதும் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"அந்த ஆளு இன்னா ஆனாருன்னு எழுதிட்டீங்களா?"

"ரெண்டு மாதிரி எழுதியிருக்கேன்."

"படிக்காதீங்க."

"நல்ல மாதிரியும் ஒண்ணு இருக்கும்மா."

"உயிரோட இருக்காருன்னு நீங்க எழுதினா நான் நம்ப மாட்டேன்" என்றாள். "செத்துட்டாருன்னு எழுதினா நம்பிடுவேன்."

காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். முடிவு உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதினால், அவளிடம் காட்டிவிடாதீர்கள்.