நாளுக்கு நாள் குட்டையாகிற மீன்

மீன் வளர்ந்தால் நீளும். இதைப் போய் யாரிடமும் படிக்க வேண்டியதில்லை. அதனால் கண்ணாடித் தொட்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்த கிராஃப் தாளில், நேற்று ஆறு சென்டிமீட்டர் இருந்த மீன் இன்று ஐந்தரைதான் என்று தெரிந்தபோது எனக்குத் தாள் மேல்தான் கோபம் வந்தது. புனே பக்கம் சாகணில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராகவே ரிட்டயர் ஆனவன் நான். அளவு தப்பாக வந்தால் முதலில் அளவுகோலைப் பார் என்றுதான் என் புத்தி போகும்.

மழையோடு மழையாக நிக்டி கடைத்தெருவுக்குப் போய் வேறு கிராஃப் தாள் கேட்டேன். "ரெண்டும் சேம்தான், அங்கிள்" என்றான் கடைக்காரன் மராத்தியில். சேமா இல்லையா என்று எனக்குச் சொல்ல இவன் யார்! வாங்கி வந்து ஒட்டி மறுபடி அளந்தேன். ஐந்தரை. மற்ற இரண்டு மீன்களும் குறைந்திருந்தன.

தொட்டி என் மகள் தீப்தியுடையது. அவள் ஆராய்ச்சிக்கூடத்தில் மின்சார வேலை நடப்பதால், இன்வெர்ட்டர் இருக்கிற எங்கள் ஃபிளாட்டுக்குத் தொட்டி வந்தது. வைக்க வேறு இடமில்லாமல் சுவாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வைத்தாள். முட்டைகூட நுழையாத வீட்டில் மீன். என் மனைவி விசாலம் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

மீன் என்று பேர்தானே தவிர, பார்த்தால் மீனாகவே தெரியாது. கண்ணாடித் தாளை நீளமாகக் கிழித்துத் தண்ணீரில் விட்ட மாதிரி இருக்கும். இரண்டு கறுப்புக் கண்கள் மட்டும் தெரியும். போன்ஃபிஷ் என்கிற ஜாதியின் குஞ்சுகளாம். விலாங்குக்கு ஒன்றுவிட்ட சொந்தமாம், விலாங்குக் குஞ்சும் இப்படித்தான் நாடா மாதிரி இருக்குமாம். உலகம் முழுக்க இருப்பது ஒரே போன்ஃபிஷ் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். மரபணுவைப் பார்த்தால் பத்துக்கு மேல் தனித்தனி இனங்கள், வெளியே ஒரே அச்சு. கொங்கண் பக்கம் மால்வண் கரையில் கிடைப்பது இன்னும் வேறு ஒன்றாக இருக்கலாம் என்று தீப்திக்குச் சந்தேகம். நிரூபிக்க வேண்டுமென்றால் குஞ்சை முழு மீனாக வளர்த்துக் காட்ட வேண்டும். முன்பு கொண்டுவந்த இரண்டு செட்டும் இந்தக் கட்டத்திலேயே செத்துப் போயின.

இதற்காகத்தான் அவள் ஹிஞ்சவடியில் நல்ல ஐடி வேலையை விட்டாள். சம்பளம் போயிற்று, தூக்கம் போயிற்று, கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. குஞ்சு தேடி மறுபடி மால்வணில் படகேறப் போகுமுன் அவளே சொன்னாள். "அப்பா, இந்த பேட்சும் போச்சுன்னா விட்டுடறேன். ராம்பிரசாத் அங்கிள் ஆஃபீஸ்ல ஜாயின் பண்றேன், ப்ராமிஸ்."

ராம்பிரசாத் என் பழைய சிநேகிதன். அவளுக்கென்று ஒரு இடத்தைக் காலியாக வைத்திருந்தான். இந்த மூன்றும் செத்தால் தேவலை என்று நான் மனசுக்குள் நினைத்தது உண்மை. வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவள் எனக்குச் சொன்னது இரண்டே விஷயம். "தினம் காலம்பற போட்டோ எடுத்து அளந்து வை. சாப்பாடு மட்டும் போடவே போடாதே. என்ன ஆனாலும் சரி."

என்ன ஆனாலும் என்றால் இப்படியா? அடுத்த நாள் ஐந்து. அதற்கடுத்த நாள் நாலரை. இரும்புகூடச் சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும், அதற்கு ஒரு கணக்கு உண்டு. உயிரோடு நீந்துகிற ஒன்று கண்ணெதிரே கரைவதை நான் எங்கே பார்த்தேன்! தீப்திக்குப் போன் போட்டேன். படகில் சிக்னல் இல்லை. போட்டு அலுத்துப் போனேன்.

"ஏன்னா, அதுகள் பட்டினியில சாகறதுன்னா" என்றாள் விசாலம்.

"போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"காக்காய்க்கு வைக்காம நான் இதுவரைக்கும் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. ஆத்துக்குள்ள மூணு ஜீவன் பட்டினி கிடக்கும், நான் மட்டும் ரசஞ்சாதம் கொட்டிக்கணுமா?"

மறுநாள் நான் குளித்துவிட்டு வந்தபோது அவள் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலில் காக்காய்க்கு வைத்தது போக மீதிச் சாதத்தை மசித்து, விரல் நுனியில் வைத்துத் தண்ணீருக்கு மேல் நீட்டியிருந்தாள். ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். சாதம் தரையில் சிதறியது. "அறிவிருக்காடி உனக்கு? அவ மூணு வருஷ உழைப்புடி அது!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. செத்தால் தேவலை என்று நினைத்தவன் கத்துகிற கத்தலா இது?

விசாலம் கையைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"நம்ம பொண்ணும் இப்படித்தான் இளைச்சுண்டே போறா. அதையும் அளந்துண்டு உக்காந்திருக்கேள்."

சிதறின சாதத்தைக் குனிந்து அள்ளினேன். அன்று முழுக்கப் பத்துத் தடவையாவது தொட்டிப் பக்கம் போய்ப் பார்த்திருப்பேன்.

மூன்றரை, மூன்று என்று இறங்கிக்கொண்டே போனது. தீப்தி வர வேண்டிய சனிக்கிழமை காலை பார்த்தால், ஆறில் பாதிகூட மிச்சமில்லை. நாடாவைக் காணோம். மூன்று துணுக்குகள் தொட்டியின் அடியில் அசையாமல் கிடந்தன. போச்சு. பூஜை ஸ்பூனைத்தான் கை எடுத்தது, வேறு எதுவும் அகப்படவில்லை. அவள் வந்து பார்க்குமுன் எடுத்துவிடலாம் என்று ஸ்பூனை உள்ளே விட்டேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

விருட்டென்று ஒரு துணுக்கு ஓடியது.

ஸ்பூன் தண்ணீருக்குள்ளேயே விழுந்துவிட்டது. ஓடினதற்கு வால் இருந்தது. கத்திரிக்கோல் மாதிரி இரண்டாகப் பிளந்த வால். உடம்பில் வெள்ளி பூத்திருந்தது. மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்க, அதற்குக் கீழே வாய் இருந்தது. "விசாலம்! அடியே விசாலம்!" என்று கத்தினேன். சின்னது, ஆனால் மீன். மூன்றுமே மீன்.

தீப்தி உள்ளே வந்து பையைக்கூட இறக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"இது இப்படித்தான்பா மாறும்" என்றாள் கடைசியில். "உள்ள இருக்கிற ஜெல்லியைத் தானே கரைச்சுத் தானே சாப்பிட்டுக்கும். அப்போ வெளியிலேர்ந்து எதுவும் எடுத்துக்காது. சாதம் விழுந்திருந்தா தண்ணி கெட்டு ஆல் த்ரீ போயிருக்கும். குறைஞ்சாதான் ஃபிஷ் ஆகும்."

எனக்கு வந்ததே கோபம்! "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னடி? பயந்து செத்தேன் நான்!"

"சொல்லியிருந்தா நீ அதைத்தான் பார்த்திருப்பே. என்ன அளவு வரணும்னு அளக்கறவனுக்குத் தெரியக் கூடாதுன்னு நீதானேப்பா எப்பவும் சொல்லுவே?"

சொன்னேன்தான். தொழிற்சாலையில் சேர்ந்த ஒவ்வொரு பையனிடமும் சொல்லியிருக்கிறேன். வீட்டில் சாப்பிடும்போதும் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

விசாலம் தட்டில் சாதம் பிசைந்து கொண்டுவந்து, தரையில் உட்கார்ந்திருந்தவளுக்கு அப்படியே ஊட்ட ஆரம்பித்தாள். "அதுகளுக்கு இனிமேலாவது ஏதாவது போடலாமோன்னோ?" என்றாள். "போடலாம்மா, இனிமே பசிக்கும். பட் ரைஸ் வேண்டாம், ப்ளீஸ்" என்றாள் தீப்தி வாய் நிறையச் சாதத்தோடு.

அப்போது போன் அடித்தது. ராம்பிரசாத்.

"என்ன ஸ்வாமிநாதன், திங்கக்கிழமை பொண்ணு வராளோன்னோ?"

தீப்தி மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கழுத்தெலும்பு இன்னும் துருத்திக்கொண்டுதான் இருந்தது.

"வரமாட்டா ராம்பிரசாத்" என்றேன். "நீ வேற ஆளைப் பாத்துக்கோ."