ஒச்சன் இறக்காத முடி

செத்து முந்நூறு வருஷமான ஒச்சன், பாலசமுத்திரத்தில் சினிமாக்காரர்கள் ராஜா காலத்துப் படம் எடுக்க வந்த மூன்றாம் நாள் காலை, துணை நடிகர் வரிசையில் பதினேழாவது ஆளாக நின்றான். பழனிப் பக்கம் ஆள் பிடித்தால் பாதித் தலை மொட்டையாகத்தான் வரும். விக்குக்கென்றே தனி வேன் வைத்திருந்தார்கள். இவனுக்கோ இடுப்பு வரை சொந்த முடி, விலாவில் ஈட்டி போன ஓட்டை. மேக்கப் மிச்சம் என்று மேனேஜர் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார்.

யூனிட்டுக்குச் சமைத்த குப்பம்மாளுக்கு அவன் பேச்சு சிரமமில்லாமல் விளங்கியது. டைரக்டர் மனோஜ்குமார் எழுதிய வசனம்தான் இருவருக்கும் விளங்கவில்லை. சண்டைக்குப் புறப்பட்ட அன்று பெண்டாட்டி பழனியம்மாள் சொன்னது மட்டுமே ஒச்சனிடம் மிச்சம்; அதைக் குப்பம்மாளிடம் சொல்லியிருந்தான். மண்ணுக்கடியில் அவள் முகம்கூட மறந்துவிட்டது. “மொட்ட போட்டுட்டுப் போகாதய்யா. சாமிக்குப் பாக்கி வையி. பாக்கிக்காரன அவரு லேசுல சாக விடமாட்டாரு. வெரசா வந்துரு.” முருகனிடமே பேரம் பேசியவள், எங்கள் கடைத்தெருவில் பிறந்திருந்தால் பெரிய ஆளாகியிருப்பாள். பேரம் படியவில்லை, அவ்வளவுதான்.

அன்று எடுத்ததும் வீரனை மனைவி வழியனுப்பும் காட்சி. “சென்று வாருங்கள், நாதா! தங்கள் குருதியால் இம்மண் சிவக்கட்டும்!” என்று நடிகை முழங்க, ஒச்சன் சிரித்துவிட்டான். முதல் டேக் கெட்டது.

“எந்தப் பொம்பள புருசன் சாவட்டும்னு சொல்லுவா? அன்னைக்கு எங்க எல்லாருக்கும் பயந்தானுங்க.”

“அந்தக் காலத்துல பயமே கிடையாதுண்ணே” என்று அந்தக் காலத்து ஆளிடமே சொல்லிவிட்டு, மனோஜ்குமார் அடுத்த டேக்குக்குப் போனார்.

பதின்மூன்று டேக். ஒவ்வொன்றுக்கும் பழனியம்மாள் சொன்னதில் ஒரு வார்த்தை அவனிடமிருந்து உதிர்ந்தது. சாப்பாட்டு வேளையில் குப்பம்மாள் போட்ட இலை முன்னால் திகைத்து உட்கார்ந்திருந்தான்.

“சாமிக்கு என்னமோ வையின்னாளே, என்னது தாயி?”

“பாக்கிடா, ஒச்சா. பாக்கி வையின்னா.”

கடைசி டேக்குக்குப் பிறகு அவன் கேட்கவேயில்லை.

படம் பழனியில் நாற்பது நாள் ஓடியது. தினமும் காலைக் காட்சிக்கு ஒச்சன் வந்தான்; டிக்கெட் கிழிப்பவர் அவனைக் கேட்பதில்லை. அந்த வழியனுப்பும் காட்சியில் ஊரோடு சேர்ந்து அவனும் அழுதான். கடைசி நாள் குப்பம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, பழனியம்மாள் சொன்னதை அவன் காதில் மெல்லச் சொன்னாள்.

“தாயே, என் மனையாள் அத்தகைய கோழை அல்லள்” என்றான் ஒச்சன். குப்பம்மாளை யாரும் அவ்வளவு மரியாதையாகத் தாயே என்றதில்லை. அவள் அவ்வளவு அழுததுமில்லை.

வீரன் வேண்டுதலை மிச்சம் வைக்கலாகாது என்று நேரே அடிவாரத்து முடி மண்டபத்துக்கு நடந்தான். குப்பம்மாள் பின்னாலேயே ஓடினாள். “ஏலே, எறக்காதடா! அவ வைக்கச் சொன்ன முடிடா அது!” அவன் கும்பிட்டுவிட்டுக் குனிந்தான். நாவிதர் தங்கமுத்து தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். கடைசிக் கற்றை விழுந்தபோது அடியில் தலை இல்லை, ஆள் இல்லை, ஈரப் பலகைதான் இருந்தது. முடி மற்ற முடியோடு கோணிக்குப் போயிற்று. தங்கமுத்து கத்தியைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இன்றைக்குக் கேட்டாலும், கொஞ்சம் கனமான முடி என்றுதான் சொல்வார்.

குப்பம்மாள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபடி, பழனியம்மாள் சொன்னதை ஒரு தடவை முழுசாகச் சொல்லிப் பார்த்தாள். நடுவில் ஒரு வார்த்தை இல்லை.