பானைக்குக் கட்டிய காதுகள்

தொமித்திலா வீட்டுக்கு நான் சல்லடையைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். அதை வாங்கியது ஈஸ்டருக்கு முன்னால். திருப்பித் தருவதற்கு நவம்பர் மாதத்தின் அந்தச் சனிக்கிழமை வாய்த்தது தற்செயல் என்று சொன்னால் எங்கள் தெரு நாய்கூட நம்பாது. அன்றைக்கு அவள் வீட்டில் சம்பந்தி விருந்து.

விருந்து என்றா சொன்னேன்? பரீட்சை. தொமித்திலாவின் ஒரே மகன் எராஸ்தோ, எங்கள் சோலூலாவிலிருந்து பக்கத்து நகரமான புவெப்லாவுக்கு வேன் ஓட்டுகிறவன், அத்லிஸ்கோவில் சாமந்தி பயிரிடும் குடும்பத்துப் பெண் யாதிராவைக் கட்டிக்கொள்ளப் போகிறான். பெண் கேட்டுப் போன அன்று ரொட்டிக் கூடையும் சாக்லெட்டும் மேசையில் இருக்கும்போதே பெண்ணைப் பெற்ற கசில்தா பேச்சை ஆரம்பித்துவிட்டாளாம்.

"எம்பொண்ணு கறி தொடமாட்டா. பன்னிக்கொழுப்பு பட்ட கரண்டியக்கூட தொடமாட்டா. உங்க வீட்டுல ஒரு வேளை அவளுக்கு ஒழுங்கா ஆக்கிப் போடுங்க சம்பந்தி. அதப் பாத்துட்டுச் சொல்றேன், கல்யாணத்துக்கப்புறம் புள்ளைங்க எங்க குடியிருக்கணும்னு."

தொமித்திலா மகனுக்காக மாடியில் அறை கட்டி, ஜன்னலுக்குக் கண்ணாடிகூடப் போட்டுவிட்டாள். கசில்தாவுக்கோ சாமந்தி வயலில் ஆள் பற்றவில்லை. மருமகன் வந்தால் வண்டியும் வந்தது, ஓட்டுநரும் வந்தான். இது தெருவுக்கே தெரியும், நான் சொல்லாமல் விடுவேனா.

வேடிக்கை என்னவென்றால், தொமித்திலா பிழைப்பதே பன்றிக்கொழுப்பில்தான். தினமும் காலையில் தெருமுனையில் தமால் விற்கிறவள் அவள். சோள மாவில் கொழுப்பைப் போட்டு அடித்து, சோளக்கதிரின் மடலில் சுருட்டி, ஆவியில் வேகவைத்துத் தூக்கினால் அந்த வாசனைக்குத்தான் நாங்கள் கண்ணே விழிப்போம். அப்படிப்பட்டவள் கறியில்லாமல், கொழுப்பில்லாமல் பூசணித் தமால் செய்து, மேலே பூசணி விதைக் குழம்பு ஊற்றி, கடைசியில் வெல்லப்பாகில் வேகவைத்த பூசணித் துண்டும் வைத்து, சம்பந்தியின் வாயை அடைக்க வேண்டும். இல்லையென்றால் மாடியறையில் புறா முட்டையிடும்.

நான் உள்ளே நுழைந்தபோது யாதிரா ஏற்கெனவே அடுப்படியில் நின்றிருந்தாள். உதவிக்கு வந்தாளாம். கையில் புத்தம்புதிய ஆவிப் பானை.

"வா ஹொவிதா," என்றாள் தொமித்திலா. முகத்தில் சிரிப்பு, கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது. "பாரு, மருமக தன் வீட்டுல இருந்து பானையே தூக்கிட்டு வந்திருக்கா."

"உங்க பானைய எத்தன தடவ கழுவினாலும் கொழுப்பு வாசனை போகாதுல்ல அத்தை, அதான்," என்றாள் யாதிரா. சின்னப்பெண்தான், ஆனால் கண்ணை இமைக்கவில்லை.

"போகாது கண்ணு. அந்தப் பானதான் உன் வருங்காலப் புருஷனுக்குப் பால் பவுடரு வாங்கிக் குடுத்துச்சு."

நான் சல்லடையை ஓரமாக வைத்துவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மடல் சுருட்ட ஒரு கை வேண்டும் அல்லவா.

பூசணியைச் சுட்டு, சதையை வழித்து, மாவோடும் எண்ணெயோடும் சேர்த்து அடித்தார்கள். பதம் பார்க்க ஒரு சிட்டிகை மாவைத் தண்ணீர்க் குவளையில் போடுவது வழக்கம். மிதந்தால் சரி. தொமித்திலா போட்டாள். உருண்டை நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

"மூழ்கிருச்சு," என்றாள், யாரோ தேர்தலில் ஜெயித்த மாதிரி. "கொழுப்பு இல்லாம எப்பிடி மிதக்கும்? ஒரே ஒரு கரண்டி போட்டா..."

"அத்தை."

"யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்கு."

யாதிரா மாவை வாங்கித் தானே அடிக்க ஆரம்பித்தாள். கை ஓய்கிறவரை அடித்தாள், பிறகும் அடித்தாள். மறுபடி குவளையில் போட்ட உருண்டை யோசித்து யோசித்து மேலே வந்தது. தொமித்திலா குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள், அடியில் யாராவது பிடித்துத் தூக்குகிறார்களா என்று.

அடுத்தது காசு. பானையின் அடியில் தண்ணீரோடு ஒரு பெசோ காசு போட்டுவிட்டால், கொதிக்கக் கொதிக்க அது கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம், உடனே ஊற்ற வேண்டும். தொமித்திலா தன் பழைய பானைக்குள்ளிருந்து பழைய காசை எடுத்து வந்தாள்.

"அதுவும் கொழுப்புல ஊறினதுதான," என்றாள் யாதிரா. சொல்லிவிட்டுத் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, பானையில் போட்டாள். க்ளிங்.

சோலூலாவில் காசைச் சோப்புப் போட்டுக் கழுவியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பானை அடுப்பில் ஏறியது. இனிமேல்தான் உண்மையான கஷ்டம். தமால் பானை அடுப்பில் இருக்கும்போது வீட்டில் யாரும் கோபப்படக் கூடாது. பட்டால் உள்ளே இருப்பது வேகாது, மாவு மாவாகவே நிற்கும். அப்படி ஆகிவிட்டால் கோபப்பட்டவர் யாரோ அவரே முன்வந்து, மடல் துண்டைக் கிழித்துப் பானையின் கைப்பிடியில் காது மாதிரி முடிந்துவிட வேண்டும். அப்போதுதான் பானை மனமிரங்கும். அதாவது வேகாத தமால் என்றால் இந்த வீட்டில் சண்டை என்று ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. காது கட்டினவள் சண்டைக்காரி நான்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி.

ஆகவே இரண்டு பேரும் தேன் குரலுக்கு மாறினார்கள்.

"விதைய இன்னும் கொஞ்சம் வறுக்கலாமா அத்தை? பச்ச வாசனை வருது, செல்லம்," என்றாள் யாதிரா.

"வறுக்கலாம் தங்கம். கருக்கித் தின்னுதான் உங்க வீட்டுல பழக்கமோ என்னமோ."

"இல்ல அத்தை, எங்க வீட்டுல ருசியாத் தின்னுதான் பழக்கம்."

"அப்பிடியா என் பூவே."

பானைக்குக் கேட்காதபடி ஒருத்தியை ஒருத்தி இப்படிச் செல்லமாகக் கொன்றுகொண்டிருந்தார்கள். மிளகாயையும் பச்சைத் தக்காளியையும் விதையையும் மிக்ஸியில் போட்டு அரைக்கும்போது மட்டும் அந்த இரைச்சலுக்குள் தொமித்திலாவின் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை, ஆனால் செல்லம் என்று முடியவில்லை. பானைக்குள் காசு கடகடத்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே, கோயோக் கிழவர் என்று நாங்கள் கூப்பிடும் எரிமலை சும்மா கொஞ்சம் புகை விட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கசில்தா வந்தாள். எராஸ்தோ வேனில் கூட்டிவந்தான். கைநிறைய வாடல் சாமந்தி. செத்தவர்களுக்குச் சாமந்தி வைத்துப் படைக்கிற இறந்தவர்கள் நாள் முடிந்து வாரம் ஆகிறது, விற்காமல் மிஞ்சினதை எங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

நேராக அடுப்படிக்கு வந்து, பாகில் கிடந்த பூசணித் துண்டை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"படையல்ல வச்ச பூசணியா சம்பந்தி?"

தொமித்திலா கரண்டியைக் கீழே வைத்தாள். படையலில் வைத்ததை இறந்தவர்கள் வந்து ருசியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், மிச்சம் சக்கைதான். விருந்தாளிக்கு அதைப் போடுவது எச்சில் போடுவதற்குச் சமம்.

"நேத்துதான் சந்தையில வாங்கினேன் சம்பந்தி," என்றாள். தேன் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"அப்ப சந்தைக்காரன்தான் ஏமாத்திட்டான். பாவம், உங்களுக்குப் பன்னியப் பாத்து வாங்கத்தான் தெரியும், காயப் பத்தி என்ன தெரியும்."

தேன் தீர்ந்தது.

"பன்னிய வித்துத்தான் என் புள்ளைய ஆளாக்குனேன்! வாடின பூவத் தூக்கிக்கிட்டு விருந்துக்கு வரல!"

"வாடினதா? உங்க மூஞ்சிக்கு இதுவே ஜாஸ்தி!"

"அம்மா, பானை அடுப்புல இருக்கும்மா!" என்றாள் யாதிரா.

"நீ சும்மா இருடி! உனக்கு இந்த வீடுதான் வேணுமா? சுவரைத் தொட்டா கை வழுக்குது!"

"வழுக்கினா விழுங்க! யாரு பிடிக்கப் போறா?"

"நான் ஏன் விழறேன்? எம்பொண்ணு இங்க வாழ வரமாட்டா. உங்க மகனத்தான் நான் கூட்டிட்டுப் போகப் போறேன்!"

"என் மகன் என்ன உங்க தோட்டத்துக் கழுதையா?"

எராஸ்தோ வாசலில் நின்று சாவியை ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கசில்தா என் தெருவையும், என் தெருவின் சாக்கடையையும், போகிற போக்கில் என் முக்காலியையும் திட்டினாள். நான் ஒரு வார்த்தையும் தவறவிடவில்லை. அதனால்தான் பானைக்குள் காசு எப்போது நின்றது என்று எனக்கும் தெரியாது. ஒரு காதால் இரண்டையும் கேட்க முடியுமா?

முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. எராஸ்தோ ஓடிப் போய் மூடியைத் தூக்கினான். அடியில் இருந்தது கரிந்திருந்தது. மேலே இருந்ததை யாதிரா பிரித்துப் பார்த்தாள். மாவு மடலில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

"தண்ணி வத்திருச்சு, அவ்வளவுதான்," என்றான் எராஸ்தோ, கெட்டிலில் இருந்த வெந்நீரை ஊற்றிக்கொண்டே.

"நீ வாய மூடு!" மூன்று பெண்களும் ஒரே குரலில். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"தண்ணி ஏன் வத்துச்சு? அதக் கேளு," என்றாள் கசில்தா. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "கோபக்கார வீடு. என் பானையில கூட வேகல. இதுக்கு மேல நான் என்ன பாக்கணும்? யாதிரா, பைய எடு. மாப்பிள, வண்டிய எடுங்க."

எராஸ்தோ அம்மாவைப் பார்த்தான். யாதிரா பையைத் தொடவில்லை, ஆனால் அடுப்பைப் பார்க்கவும் இல்லை. அடுப்படியில் பூசணி விதையும் கரியும் கலந்த ஒரு வாசனை. மாடியறை, கண்ணாடி ஜன்னல் எல்லாம் அந்த வண்டிச் சாவியில் தொங்கிக்கொண்டிருந்தது.

தொமித்திலா ஒரு மடலை எடுத்தாள். கீறி, நீளமாகக் கிழித்தாள். பானையின் இடது கைப்பிடியில் கட்டி, இரண்டு முனையையும் காதாக நிமிர்த்திவிட்டாள். இத்தனை வருடத்தில் பால்காரனோடும் பாதிரியாரோடும் என்னோடும் சண்டை போட்டவள், யாருக்காகவும் காது கட்டி நான் பார்த்ததில்லை.

"கோபப்பட்டது நான்தான்," என்றாள். யாரையோ காறித் துப்புகிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

கசில்தாவின் முகம் மலர்ந்தது. "ஒத்துக்கிட்டா சரி."

காசு மறுபடி மெல்ல ஆட ஆரம்பித்தது. அது சூடு பிடித்ததோ இல்லையோ, தொமித்திலா மூடியைத் திறந்து ஒன்றைப் பிரித்தாள்.

பச்சை மாவு.

இங்கேதான் என் முக்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. வாழ்நாள் முழுக்கத் தமால் வேகவைத்த கைக்கு அது இன்னும் வெந்திருக்காது என்று தெரியாதா? மூடியைத் தூக்கும்போதே தெரியும். தெரிந்துதான் தூக்கினாள்.

"என் கோபத்த நான் கட்டிட்டேன்," என்றாள், எல்லாரும் பார்க்கும்படி அந்தப் பச்சை மாவைத் தூக்கிப் பிடித்து. "இன்னும் வேகல. அப்ப இந்த வீட்டுல வேற யாருக்கோ கோபம் இருக்கு."

நான் கசில்தாவைப் பார்த்தேன். எராஸ்தோ பார்த்தான். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலை கூடியிருந்தது, அதுவும் பார்த்தது. கடைசியாக யாதிரா திரும்பித் தன் தாயைப் பார்த்தாள்.

"எனக்கு என்ன கோபம்?" என்றாள் கசில்தா. "நான் விருந்தாளி."

"அம்மா."

"என்னடி அம்மா?"

"கட்டும்மா. ராத்திரிக்குள்ள சாப்பிடணும்."

"நீயுமா?"

"மாவ அடிச்சவ நான். கையி இன்னும் வலிக்குது. அது வேகாமப் போனா உங்க ரெண்டு பேரு வீட்டுலயும் நான் இருக்கமாட்டேன். கூட வரவன் வரட்டும்."

எராஸ்தோ சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றான். பேச வாய் திறந்தான், மூடிக்கொண்டான். நன்றாகப் பாடம் படித்திருக்கிறான்.

கசில்தா எழுந்தாள். ஒரு மடலைப் பிடுங்கினாள், கிழித்தாள், வலது கைப்பிடியில் கழுத்தை நெரிக்கிற மாதிரி இறுக்கி முடிந்தாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை, எதிர்வீட்டில் "கட்டிட்டா!" என்று யாரோ சொன்னது இங்கே கேட்டது.

நன்றாக இருட்டிய பிறகு மூடி திறந்தது. மடல் பிரிந்தபோது மாவு ஒட்டாமல் வந்தது, மஞ்சளாக, மெத்தென்று. விதைக் குழம்பு ஊற்றினோம். ஐந்து பேர் சாப்பிட்டோம். தட்டும் கரண்டியும்தான் பேசின.

கசில்தா தட்டை வழித்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டாள். "சப்புன்னுதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு மூன்றாவதையும் பிரித்தாள். கோபக்கார வீடு என்று இனி அவள் எப்படிச் சொல்வாள்? பானையின் ஒரு பக்கம் அவள் கட்டிய காது நின்றுகொண்டிருக்கிறதே.

கடைசியில் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "இங்கயே இருக்கட்டும் புள்ளைங்க. ஆனா என் பானையும் இங்கயே இருக்கும். உங்க அடுப்புலதான்."

"தாராளமா சம்பந்தி," என்றாள் தொமித்திலா. "காச மட்டும் மாத்தச் சொல்லுங்க. உங்க காசு ஆடுற சத்தமே கேக்கல."

இப்போது கல்யாணம் முடிந்து அவர்கள் மாடியறையில் இருக்கிறார்கள். அடுப்பில் தினமும் காலையில் இரண்டு பானை. ஒன்றில் கொழுப்பு, ஒன்றில் பூசணி. பூசணித் தமாலுக்கும் வரிசை நிற்கிறது, அதைப் பார்க்கிற தொமித்திலாவின் முகத்தைப் பார்க்கவே நான் சீக்கிரம் எழுந்துவிடுகிறேன். அந்தப் பானையிலிருந்து காதை இரண்டு பேரும் அவிழ்க்கவில்லை. காய்ந்து கருத்து நிற்கிறது.

என் ஜன்னல் வரைக்கும் குரல் வரும்.

"மூடிய இந்தப் பக்கம் வைக்காதீங்க அத்தை, செல்லம்."

"சரி என் தங்கமே. உன் பக்கம் எதுன்னு கோடு போட்டுக் குடேன்."

புதிதாகக் குடிவந்தவர்கள் கேட்டுவிட்டு, மாமியாரும் மருமகளும் எவ்வளவு அன்பு என்கிறார்கள். நான் திருத்துவதில்லை. காபியை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்துவிடுகிறேன்.