மயிலியை மாடியேற்றிய வியாழக்கிழமை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் காதால் கேட்டது மிகக் கொஞ்சம். 1986இல் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில், விக்கிரவாண்டி தாண்டியதும் கேட்டேன். முன்சீட்டில் ஒரு பெண். நடுவழிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள். இருவருக்கும் நடுவில் ஒரு வெள்ளாடு. அந்தப் பெண் ஆட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"மயிலி, துண்டு கீழ வுழுந்து கெடக்குது. எடுத்துக்கச் சொல்லு."

அந்த ஆள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவனும் ஆட்டிடமே சொன்னான்: "பாத்துட்டேன்னு சொல்லு."

நான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மூடினேன். திண்டிவனத்தில் மூவரும் இறங்கிப்போனார்கள். மற்றதெல்லாம் நான் கட்டியது. ஆட்டின் பெயர் மட்டும் அவர்கள் வைத்தது.

2

தொடக்கம் ஒன்று: "கோலியனூர் வயல்களின்மேல் பொன்னிறக் கதிரவன் மெல்ல—"

வேண்டாம். கோலியனூரில் காலையில் யாரும் கதிரவனைப் பார்ப்பதில்லை. மோட்டாருக்குக் கரண்ட் வந்துவிட்டதா என்றுதான் பார்ப்பார்கள்.

தொடக்கம் இரண்டு: "கணவன் மனைவி உறவு என்பது ஒரு—"

அது எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

தொடக்கம் மூன்று, இதை வைத்துக்கொள்கிறேன்:

பச்சைமுத்துவுக்கு ஞாயிற்றுக்கிழமை வரக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஒலக்கூரில் அவன் மனைவி அம்சாவின் அண்ணன் வேங்கடேசன் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டியிருந்தான். நடுவில் உட்காருபவர் ஒரு துரும்பை எடுத்து இரண்டாகக் கிள்ளிப் போடுவார். கல்யாணம் அத்துப்போகும். கோர்ட்டும் இல்லை, வக்கீலும் இல்லை.*

"ஆட்டுகூடப் பேசிக்கினு இருக்கறவனுக்கு என் தங்கச்சி எதுக்கு? ஆட்டையே வெச்சுக் குடித்தனம் பண்ணட்டும்" என்று வேங்கடேசன் சொல்லியனுப்பியிருந்தான். அம்சா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வீட்டில் அவள் வாயைத் திறந்தால் அது மயிலியிடம்தான்.

எட்டு வருஷக் கல்யாணம். கடைசி இரண்டரை வருஷம் நேர்ப்பேச்சு கிடையாது. பிள்ளை இருந்திருந்தால் ஆட்டுக்கு இந்த வேலை வந்திருக்காது. ஏன் பேச்சு நின்றது என்று கேட்பீர்கள். குழம்பில் உப்பு கூடிப்போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

(* எந்தத் துரும்பு என்று விதி ஒன்றும் இல்லை. கூட்டம் உட்கார்ந்த பிறகு, பக்கத்து வைக்கோல்போரிலிருந்து யாராவது உருவித் தருவார்கள். கல்யாணப் புடவைக்காவது மூன்று கடை ஏறி இறங்கியிருந்தார்கள்.)

3

யாரிடம் போவது?

கோலியனூர்ப் பெரியவர் துரைக்கண்ணுவிடம் போய்ப் பார்த்தார்கள். அவர் அம்சாவைப் பார்த்து முதலில் சொன்னது, "நீ பேசாத. உன் பக்கம் பேசறதுக்கு ஆம்பளைய வரச்சொல்லு." இரண்டரை வருஷமாகப் பேசாதவளிடம் பேசாதே என்று சொல்ல ஒரு பெரியவர் தேவையா என்று அம்சா மயிலியைக் கேட்டுக்கொண்டே வீடு திரும்பினாள்.

அடுத்தது கண்டாச்சிபுரத்துப் பக்கம் சாமியாடும் பாஞ்சாலி. சாமி வந்தது. சூடம் விழுங்கியது. தலையை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, குறை தீர வேண்டுமானால் அந்த ஆட்டைக் கொடு என்றது.

"அது முடியாது" என்றான் பச்சைமுத்து. அதே நேரத்தில் "அது ஆவாது" என்றாள் அம்சா. இருவரும் இரண்டரை வருஷத்தில் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். சாமிக்கே வெட்கமாகிவிட்டது.

பிறகு அம்சா திண்டிவனத்தில் ஒரு பலகையைப் பார்த்தாள். 'குடும்ப ஆலோசனை மையம். மாடி.' தனியாக ஏறிப் போனாள். அங்கே சவுரியம்மாள் என்று ஒருவர், நர்சு வேலையை முடித்துவிட்டு மெட்ராசில் இதற்கென்றே ஆறு மாசம் படித்து வந்தவர், உட்கார்ந்திருந்தார்.

"சேத்து வெச்சிடுவீங்களாம்மா?"

"சேத்து வெக்கணும்னா எதிர்ல வெல்டிங் பட்டறை இருக்குது, அங்க போம்மா. இங்க பேசத்தான் முடியும். பேசிட்டுப் பிரிஞ்சவங்களும் இருக்காங்க."

"யாரு பக்கம் பேசுவீங்க?"

"நான் பேசறதே கம்மி."

"வெளிய சொல்லிடுவீங்களா?"

"கீழ சைக்கிள் கடை விருத்தாசலம் ரெண்டு வருஷமா ஒட்டுக் கேட்டுக்கினுதான் இருக்காரு. அவருக்கு இன்னும் ஒண்ணும் தேறல."

(நல்ல ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று கட்டுரை கேட்டால் நான் நாலு பக்கம் எழுதுவேன். அம்சா மூன்று கேள்வியில் முடித்துவிட்டாள்.)

சவுரியம்மாள் ஒரு கேள்வி கேட்டார். "வூட்டுல பேச்சு யார் வழியாப் போவுது?"

"ஆடுங்க."

சவுரியம்மாள் சிரிக்கவில்லை. "அப்ப அதையும் கூட்டிக்கினு வாங்க."

இந்த இடத்தில் எனக்குச் சவுரியம்மாள்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு சாமர்த்தியமான பெண்மணி கதைக்கு ஆகாது. ஒரு குறையாவது கொடுக்கலாம் என்று மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை உடைத்து நூலால் கட்டினேன். மதியத்துக்குமேல் கண்ணயர்வார் என்றும் சேர்த்தேன். இப்போது நம்ப முடிகிறது.

4

வியாழக்கிழமை. மாடிப்படிக்குக் கீழே, விருத்தாசலத்தின் சைக்கிள் கடையை ஒட்டி, பச்சைமுத்து பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தான். 'குடும்ப' வரைக்கும் படித்ததும் கால் நின்றுவிட்டது.

அவன்மேல் தப்பில்லை. பத்து வருஷத்துக்கு முன்பு, எமர்ஜென்சி காலத்தில், 'குடும்ப' என்று தொடங்கிய பலகையைப் பின்தொடர்ந்து போன அவன் சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் வாளியோடு திரும்பி வந்தார். நடை மட்டும் வேறு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அந்த வாளியில் அவர் வீட்டில் யாரும் தண்ணீர் மொண்டதில்லை.

"மயிலி, என்னை அறுக்கறதுக்கா இட்டாந்தா? கேளு!"

"மயிலி, அறுக்கறதுக்கு அங்க என்னா இருக்குதுன்னு கேளு."

பங்க்சர் ஒட்டிக்கொண்டிருந்த விருத்தாசலம் ட்யூபைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க சார்" என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "பேசத்தான் வெப்பாங்க."

"அது அதுக்கு மேல பேஜாராச்சே" என்றான் பச்சைமுத்து. ஆனால் ஞாயிற்றுக்கிழமையை நினைத்தான். ஆட்டை முன்னால் விட்டு, பின்னால் ஏறினான்.

5

"சொல்லுங்க. என்னா கஷ்டம்?" என்றார் சவுரியம்மாள்.

"மயிலி, ஒண்ணும் இல்லன்னு சொல்லு."

"மயிலி, ஒண்ணும் இல்லாததுக்கா ஆட்டுக்கு பஸ்ல லக்கேஜ் டிக்கெட் போட்டு இட்டாந்தோம்னு கேளு."

மயிலி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேசையில் இருந்த விண்ணப்பத்தைத் தின்னத் தொடங்கியது. கணவர் பெயர், மனைவி பெயர், பிரச்சினையின் தன்மை, எல்லாம் போயிற்று.

சவுரியம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "விருத்தாசலம், இதைக் கொஞ்சம் கீழ கட்டுங்க."

ஆடு போய்விட்டது. அறையில் மூன்று நாற்காலி, ஒரு காலண்டர், ஒரு மின்விசிறி. பச்சைமுத்துவுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முட்டியில் வைத்தான், துண்டில் வைத்தான், கடைசியில் ஆட்டுக்கயிறு இருந்த விரல்களைத் தானே பிடித்துக்கொண்டான்.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். சவுரியம்மாள் எதுவும் கேட்கவில்லை. கண்ணயரவும் இல்லை. (அதை அடித்துவிட்டேன்.) இருபது நிமிஷம்.

எனக்கு மௌனம் பிடிக்கும். ஒரு நாள் முழுக்க ஒருவரிடமும் பேசாமல் படித்துவிட்டு, நல்ல நாள் என்று படுத்திருக்கிறேன். அதனால் மௌனத்தை ஏதோ ஆழமான சமாச்சாரம்போல எழுதும் பழக்கம் உண்டு. இந்த அறையில் அப்படி எழுத வரவில்லை. பேச ஒன்றும் இல்லாத மௌனம் வேறு. ஒன்றே ஒன்று இருந்து, அது தொண்டையில் நிற்கும் மௌனம் வேறு.

6

முதல் வாக்கியத்தை யார் சொல்வது?

அ) பச்சைமுத்து: "என்னை மன்னிச்சிடு அம்சா." கோலியனூரில் எந்த ஆணும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அடித்தேன்.

ஆ) அம்சா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி— அம்சா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு அழுவையே வரல. நீங்க எதுக்கு அழவெக்கறீங்க?" அதையும் அடித்தேன்.

இ) எழுதுவதற்கு முன்னால் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குழம்பில் உப்பு என்றேனே, அது பொய். இவ்வளவு நேரமும் நான் பச்சைமுத்துவின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். அவன் மறைத்ததை நானும் மறைத்தேன்.

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் நாள் ஒன்று. கழனியில் பன்னிரண்டு ஆள். காலையில் ஒலக்கூரிலிருந்து சேதி வந்தது. அம்சாவின் அப்பா போய்விட்டார், நாலு மணிக்கு எடுக்கிறார்கள். அம்சா கிளம்பிவிட்டால் பன்னிரண்டு பேருக்குக் கூழ் ஊற்ற ஆள் இல்லை. பச்சைமுத்து சொன்னான்: "இப்ப பஸ்சு கெடையாது. ரெண்டு மணிக்குத்தான். நானே இட்டுக்கினு போறேன்."

அவர்கள் பஸ் மாறி, பொழுது சாயப் போய்ச் சேர்ந்தபோது, சுடுகாட்டிலிருந்து திரும்பியவர்கள் குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா முகம் அவளுக்கு இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்துதான் மயிலி.

இருபத்து மூன்றாவது நிமிஷத்தில் பச்சைமுத்து, காலண்டரைப் பார்த்துக்கொண்டு, சொன்னான்:

"அன்னைக்குப் பத்தரைக்கு ஒரு பஸ்சு இருந்துச்சு."

வாக்கியத்தில் ஆட்டின் பெயர் இல்லை.

அம்சா அவனைப் பார்த்தாள். நேராக.

"தெரியும். மறுநாளே தெரியும். அப்பறம் எதுக்கு இத்தினி நாளா—"

7

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. முடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். சவுரியம்மாள் நூல் கட்டிய கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க யாரு?"

"கதை எழுதறேங்க. இவர் நெனைக்கறத அவங்களுக்கும், அவங்க நெனைக்கறத இவருக்கும் நடுவுல இருந்து..."

"அந்த வேலையப் பாத்துக்கினு இருந்தவங்கள இப்பத்தான் கீழ கட்டச் சொன்னேன்" என்றார். "அங்க இன்னும் எடம் இருக்குது. போங்க."

இறங்கிவிட்டேன். நீங்களும் வாருங்கள், அங்கே நிற்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. ஒலக்கூரில் வைக்கோல்போர் அப்படியேதான் இருக்கிறது. துரும்பு உருவப்படுமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல ஒரு முடிவு எழுதினால், நான் மறுபடியும் மாடியேறி அவர்கள் நடுவில் நிற்கிறேன் என்று அர்த்தம். உங்களுக்கு ஒரு முடிவு தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டாம்.

மேலே குரல் உயர்கிறது. அம்சாவின் குரல்தான் அதிகம். நடுநடுவே பச்சைமுத்து ஏதோ சொல்ல, அவள் மறிக்கிறாள். பெரிய சண்டைபோல இருக்கிறது. விருத்தாசலம் பம்பு அடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுக்கிறார். வார்த்தை ஒன்றும் தேறவில்லை.

மயிலியும் மாடிப்படியைப் பார்த்தபடி காதைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தன் பெயர் வரும் என்று வெகுநேரம் நின்றது. பிறகு காதைத் தொங்கவிட்டு, பழைய டயர் ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது.